ஊறப்போட்ட படகு

முதல் நாள், வியாழன்

சிரக்யூஸில் விமானம் இறங்கி, வாடகைக் கார் எடுத்து, வடக்கே ஒன்றரை மணி நேரம். நியூயார்க் மாநிலம் முடிந்து கனடா தொடங்கப்போகிற இடத்தில் கிளேட்டன் என்ற சின்ன ஊர். கார் ஓட்டியது மச்சினன். வழியெல்லாம் ஒரே கேள்வி. "மரப் படகு பாக்கவா அத்தான் இவ்வளவு தூரம்? போட்டோல பாத்தா ஆகாதா?" நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என்னிடம் பதில் இல்லை என்பதுதான் உண்மை. வார்னிஷ் மினுங்கும் பழைய மர வேகப்படகுகள் மேல் எனக்கு இருப்பது இருபது வருடக் கிறுக்கு. அதில் ஒன்றில்கூட இதுவரை ஏறியதில்லை.

ஒன்டாரியோ ஏரியிலிருந்து செயின்ட் லாரன்ஸ் ஆறு புறப்படும் பகுதி இது. ஆற்றை நிறைத்துக்கொண்டு தீவுகள். ஆயிரம் தீவுகள் என்று பெயர், கணக்கில் 1,864. வருடம் முழுக்க நீருக்கு மேல் தலை தெரிய வேண்டும், இரண்டு மரமாவது நிற்க வேண்டும், அப்போதுதான் தீவு என்று சேர்த்துக்கொள்வார்களாம். சில தீவில் ஒரு வீடு கட்டினால் வாசல்படி தண்ணீரில்தான் இருக்கும். இப்படிப்பட்ட ஊரில் நூறு வருடம் முன்பு பணக்காரர்கள் கோடைக்கு வந்து தங்கியபோது, கார் வாங்குவதற்குப் பதில் படகு வாங்கினார்கள். பால் வாங்கவும் படகு, பக்கத்துத் தீவில் விருந்துக்கும் படகு.

நாங்கள் தங்கியது ஒரு படகுக் கொட்டகையின் மாடியில். ஆற்றங்கரை வீடுகளில் காருக்கு ஷெட் இருப்பதுபோல இங்கே படகுக்கு ஒன்று, தண்ணீருக்கு மேலேயே கட்டியிருக்கிறார்கள். கீழே படகு, மேலே அறை. பையை வைத்துவிட்டுச் சற்றுப் படுக்கலாம் என்றால், கீழேயிருந்து ஒரு சின்ன மோட்டார் உறுமியது. பின்னாலேயே தண்ணீர் கொட்டும் சத்தம். நின்றது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, மறுபடியும் உறுமல், மறுபடியும் தண்ணீர்.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். 1940இல் கிறிஸ்-கிராஃப்ட் என்ற கம்பெனி கட்டிய 19 அடிப் படகு. பின்பக்கம் பீப்பாயைப் போல உருண்டு உள்வாங்கியிருக்கும், அதனால் 'பேரல் பேக்' என்றே பெயர். இரண்டு அகலமான பட்டைகளில் தொங்கியபடி வயிறுவரை ஆற்றில் முங்கியிருந்தது. எஞ்சின் மூடி திறந்திருக்க, உள்ளே எட்டிப் பார்த்தால் அடிப்பலகை இடுக்குகளில் கோடு கோடாக நீர் ஊற்றெடுக்கிறது. பதறிப்போய் வீட்டுக்காரப் பெரியவரைக் கூப்பிட்டேன். காப்பிக் கோப்பையோடு நிதானமாக வந்தார்.

"மூழ்கவில்லை. ஊறுகிறது."

பருப்பை ஊறப்போட்டதைச் சொல்வது மாதிரி சொன்னார். கார்புரேட்டர் கிடைக்காமல் படகு ஆகஸ்ட் வரை தரையிலேயே நின்றுவிட்டதாம். பலகை காய்ந்து சுருங்கிவிட்டது. மரம் நீரைக் குடித்தால் நீளவாக்கில் பெரிதாக நீளாது, குறுக்கே உப்பும். ஒரு பலகை அடுத்ததை நெருக்க, இடுக்கு தானாக அடைபடும். அடிப்பாகத்தில் மட்டும் இரண்டடுக்குப் பலகை, நடுவே பசை தோய்த்த கித்தான். ஆலையிலேயே அப்படித்தான் கட்டினார்கள். உப்பி முடியும் வரை பட்டையில் தொங்கவிட்டு, உள்ளே வருகிற தண்ணீரைப் பம்ப் வெளியே துப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

"எத்தனை நாள் ஆகும்?" என்றேன்.

"உங்களுக்கு அவசரமா?" என்று கேட்டார். வேகப்படகு வைத்திருப்பவர் கேட்கிற கேள்வி!

இரவு படுத்துக்கொண்டே எண்ணினேன். 40 விநாடிக்கு ஒரு தடவை பம்ப் ஓடியது. மச்சினன் தலையணையைக் காதில் வைத்துக்கொண்டு எனக்குச் சாபம் விட்டுக்கொண்டே தூங்கிப்போனான்.

இரண்டாம் நாள், வெள்ளி

விடிந்தபோது பம்ப் 4 நிமிடத்துக்கு ஒரு தடவை என்று ஆகியிருந்தது. பல் துலக்கும்போதும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று முழுக்க ஆன்டிக் போட் மியூசியம். ஒவ்வொரு ஆகஸ்டிலும் இங்கே பழைய படகுகளின் கண்காட்சி நடக்கும். அதைக் கணக்குப் பண்ணித்தான் இந்த வாரம் வந்தோம். நூற்றுக்கணக்கான படகுகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் எழுதினால் பட்டியலாகிவிடும், மனதில் நின்றதை மட்டும் சொல்கிறேன்.

'பார்டன் மீ' என்று ஒரு படகு. 48 அடி. ஒரு ஆள் ஜாலியாகச் சுற்றி வர 48 அடிப் படகு! 1940களின் கடைசியில், இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் அலெக்ஸாண்ட்ரியா பே ஊரில் கட்டியது. வரைந்தவர் ஜான் ஹேக்கர். உள்ளே போர்க்காலத்து டார்பிடோ படகுகளில் வைக்கும் பேக்கர்ட் எஞ்சின். பக்கத்தில் நின்றால் மதில் சுவர் ஓரம் நிற்கிற மாதிரி இருக்கிறது. அழகு என்று எனக்குத் தோன்றவில்லை. பெரிதாக்கினால் அழகும் கூடும் என்று யாரோ நினைத்துவிட்ட மாதிரி இருந்தது.

ஆனால் ஹேக்கரின் சின்னப் படகுகள் வேறு. மனிதர் கோடு போடத் தெரிந்தவர். பழைய படகு நீரைப் பிளந்துகொண்டு போகும், எவ்வளவு பெரிய எஞ்சின் வைத்தாலும் தன் அலையைத் தானே தள்ளிக்கொண்டு திணறும். முன்னால் 'வி' போலக் கூர்மையாகவும் பின்னால் போகப் போகத் தட்டையாகவும் அடியை அமைத்தால், வேகம் எடுத்ததும் படகு எழும்பி நீரின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். அப்புறம் அது மிதப்பதில்லை, சறுக்குகிறது. இந்த 'வி' அடியைத் தேர்ந்த வடிவமாக்கியவர்களில் ஹேக்கர் முக்கியமானவர். 1908இல் டெட்ராய்டில் கம்பெனி தொடங்கினார். அந்தப் பெயரில் இன்றும் ஜார்ஜ் ஏரிப் பக்கம் மரப் படகு கட்டுகிறார்கள்.

அடுத்தது கார் வுட் என்ற மனிதரின் கதை. இந்த ஆள்தான் மச்சினனை முதல்முறையாக நிற்க வைத்தவர். லாரியின் பின்பக்கத் தொட்டியைத் தூக்கிக் கொட்டும் ஹைட்ராலிக் கருவி செய்து பணம் பார்த்தவர். மிச்சிகனில் அல்கோனாக் ஊர்ப் படகுக்காரர் கிறிஸ் ஸ்மித்தோடு சேர்ந்து பந்தயப் படகு கட்ட ஆரம்பித்தார். விமான எஞ்சினை மகாகனிப் படகில் மாட்டினார். 1920இல் இங்கிலாந்துக்குப் போய், வேகப்படகுப் பந்தயத்தின் ஹார்ம்ஸ்வொர்த் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். 1925இல் ஹட்சன் ஆற்றில், ஆல்பனியிலிருந்து நியூயார்க் வரை, அந்தக் காலத்துப் புகழ்பெற்ற ட்வென்டியத் செஞ்சுரி லிமிடெட் ரயிலோடு போட்டி போட்டு ஜெயித்தார். 1931இல் நீரில் மணிக்கு 100 மைலைத் தாண்டிய முதல் ஆள். அடுத்த வருடமே 124 மைலைத் தாண்டினார். அதற்கு நான்கு பேக்கர்ட் எஞ்சின்.

"ரயிலோட ரேஸா?" என்று மச்சினன் இரண்டு தடவை கேட்டான்.

கிறிஸ் ஸ்மித் பிறகு தனியே வந்து, 1922இல் மகன்களோடு சேர்ந்து கம்பெனி தொடங்கினார். அதுதான் கிறிஸ்-கிராஃப்ட். பந்தயக்காரர்களை விட்டுவிட்டுக் குடும்பஸ்தர்களைப் பிடித்தார்கள். அளவெடுத்துத் தைத்த சட்டை போல ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டிருந்த படகை, ரெடிமேட் சட்டை போல ஒரே அளவில் வரிசையாகக் கட்டினார்கள். முதல் உலகப் போர் முடிந்து மிச்சமாகக் கிடந்த விமான எஞ்சின்களை மலிவாக வாங்கி மாட்டினார்கள். நான் கனவு காண்கிற இந்தப் படகுகள் எல்லாம் ஒரு வகையில் தொழிற்சாலைச் சரக்குதான். கையால் செதுக்கிய சிற்பம் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் ஏமாற்றம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

அந்த ஏமாற்றத்தோடு ஒரு படகின் விலாவில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தேன். வரிசையாகச் சின்ன வட்டங்கள். பலகையைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஒவ்வொரு திருகாணியின் தலைமேலும் அதே மரத்தில் ஒரு சின்னத் தக்கை அடித்துச் சீவியிருக்கிறார்கள். ஒரு பலகைக்கு எத்தனையோ தக்கை, ஒரு படகுக்கு ஆயிரக்கணக்கில். ஒவ்வொரு தக்கையின் ரேகையும் பலகையின் ரேகையோடு ஒரே திசையில் ஓடுகிறது. ஒன்றே ஒன்று மட்டும் திரும்பியிருந்தது, குறுக்காக. 1930களில் மாலை ஷிப்ட் முடிகிற நேரத்தில் யாரோ அடித்ததாக இருக்கும் என்று நானே கற்பனை பண்ணிக்கொண்டேன். ஏமாற்றம் போய்விட்டது.

இன்னொரு சேதி. மகாகனி மகாகனி என்கிறோமே, அதில் பெரும்பகுதி 'பிலிப்பைன் மகாகனி'. அது மகாகனி மரமே இல்லை, வேறு இனம். நிறம்தான் ஒட்டிவரும். உள்ளே விலா எலும்பாக நிற்பது வெள்ளை ஓக். அது கண்ணில் படுவதே இல்லை.

இரவு பம்ப்: 11 நிமிடம்.

மூன்றாம் நாள், சனி

மழை. வாரம் முழுக்க அடித்த வெயில் இன்று பார்த்துக் காலை வாரிவிட்டது. கண்காட்சித் துறையில் படகுகள் எல்லாம் கித்தான் போர்வைக்குள். போர்வைகளை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தோம். மச்சினன் முகத்தில் ஒரு திருப்தி.

நடுவர்கள் மட்டும் மழையிலும் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழைய படகுக்காரர்களின் சங்கத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1918 வரை கட்டியது ஒரு வகுப்பு, 1919 முதல் 1942 வரை இன்னொன்று, 1943 முதல் 1975 வரை மற்றொன்று. 1942 ஏன் என்றால், அந்த வருடத்தோடு ஆலைகள் உல்லாசப் படகை நிறுத்திவிட்டுப் போருக்குத் தரையிறங்கு படகு கட்டப் போய்விட்டன. போர் முடிந்து திரும்பி வந்து நன்றாகத்தான் கட்டினார்கள், ஆனால் கொஞ்ச காலத்தில் ஃபைபர்கிளாஸ் வந்துவிட்டது. அச்சில் வார்த்தால் படகு. ஊற வைக்க வேண்டாம், வார்னிஷ் வேண்டாம். 1960கள் முடிவதற்குள் மரத்தின் கதை ஏறக்குறைய முடிந்தது. எத்தனையோ மரப் படகுகளை விறகாக்கினார்கள். பெரியவர் சொன்னார், அவர் சின்ன வயதில் இந்தக் கரையிலேயே எரித்ததைப் பார்த்திருக்கிறாராம். வார்னிஷ் என்பதால் நன்றாக எரியுமாம்.

மதியம் ஒரு பட்டறைக்குக் கூட்டிப்போனார். கதவைத் திறந்ததும் வார்னிஷ் நெடி. கவிழ்த்துப் போட்ட ஒரு படகின் அடிப்பலகை முழுவதையும் பெயர்த்து எடுத்திருந்தார்கள், எலும்புக்கூடு மட்டும் நின்றது. வேலை செய்த பையன் பழைய பித்தளைத் திருகாணி ஒன்றை என் கையில் வைத்தான். பார்க்கத் திடமாக இருந்தது. விரலால் அழுத்தியதும் பிஸ்கட் மாதிரி இரண்டாகிவிட்டது. உடைந்த இடம் ரோஸ் நிறம். தண்ணீரில் கிடந்து கிடந்து பித்தளையில் இருக்கும் துத்தநாகம் போய்விட்டால் மிஞ்சுவது இதுதான். இப்போது சிலிக்கான் வெண்கலத் திருகாணி போடுகிறார்கள்.

கித்தானுக்குப் பதிலாக இப்போது ரப்பர் போல இறுகும் ஒரு பசையை இரண்டு அடுக்குப் பலகைக்கும் நடுவே தடவிவிடுகிறார்கள். அப்புறம் ஊறப்போடுகிற வேலையே இல்லை. டிரெய்லரிலிருந்து இறக்கியதும் ஓட்டலாம்.

மச்சினன் பெரியவரிடம் நேரடியாகவே கேட்டான், நீங்களும் ஏன் அப்படிச் செய்துகொள்ளக் கூடாது என்று. பெரியவர் சிரித்துவிட்டு, படகு தன் மாமனாருடையது என்றார். அவர் காலத்தில் வருடாவருடம் ஊறப்போடுவதுதான் கோடையின் முதல் வேலை, குடும்பமே பம்பைக் கேட்டுக்கொண்டு தூங்குவார்களாம். அத்தோடு பேச்சை நிறுத்திவிட்டார். நியாயப்படி பார்த்தால் மச்சினன் சொல்வதுதான் சரி. கித்தான் அடி கடைசியில் மக்கிப்போகும், ஆற்றின் நடுவில் விட்டுக்கொடுத்தால் ஆளுக்கே ஆபத்து. ஆனால் ஒன்று, பழைய பொருள் அதிகம் இருந்தால் சங்கத்தில் மதிப்பு அதிகம். மேல்தளத்திலும் விலாவிலும் குறைந்தது 60 சதவீதம் அசல் மரமாக இருந்தால்தான் 'பாதுகாக்கப்பட்டது' என்ற வகுப்பில் சேர்ப்பார்கள். அடிப்பாகம் அந்தக் கணக்கில் வராது. தண்ணீருக்குக் கீழே என்ன மாற்றினாலும் யாரும் கேட்க மாட்டார்கள்!

பட்டறையில் ஒரு படகுக்குப் பதினோராவது கோட் வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே தேய்ப்பு. அடிக்கிற நாளில் யாரும் உள்ளே நடமாடக் கூடாது, தூசி ஒட்டிவிடும். நாங்கள் வாசலோடு நின்றுவிட்டோம். எனக்கு அந்தப் படகுகளைவிட, துறையில் கயிறு உரசித் தழும்பு விழுந்து நிற்கும் படகுகள்தான் பிடித்திருந்தன. பதினோரு கோட் வார்னிஷில் என் முகம்தான் தெரிகிறது, மரம் தெரியவில்லை.

பம்ப்: அரை மணிக்கு ஒரு தடவை.

நான்காம் நாள், ஞாயிறு

வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. காலை பத்து மணிக்குப் பெரியவர் பட்டைகளைக் கழற்றினார். படகு தன் கனத்தில் ஒரு தடவை ஆடி, நின்றது.

உடனே கிளம்பிவிடுவோம் என்று நினைத்தது என் தவறு. எஞ்சின் மூடியைத் திறந்து, மண்டி போட்டு, தலையை உள்ளே விட்டு மோப்பம் பிடித்தார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், படகின் அடியில் போய்த் தங்கும். ஒரு பொறி போதும். பிறகு காற்றை வெளியே இழுக்கும் ஃபேனை 4 நிமிடம் ஓடவிட்டார். ஃபேன் பின்னால் வந்தது, மூக்கைத்தான் நம்புவேன் என்றார். பிறகு எண்ணெய் பார்த்தார், தண்ணீர்க் குழாய் பார்த்தார். சாவி திருப்பியபோது மணி பத்தரை தாண்டியிருந்தது.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? ஆறு சிலிண்டர், 95 குதிரைத்திறன். ஹெர்குலிஸ் என்ற கம்பெனி வார்த்த எஞ்சினைக் கிறிஸ்-கிராஃப்ட் தன் படகுக்கு ஏற்ற மாதிரி மாற்றியது. புகையோடு குளிர்விக்கும் நீரும் சேர்ந்து பின்னால் வெளியேறுவதால், சத்தம் நனைந்து வருகிறது. வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு அடித்தொண்டையில் பேசுகிற மாதிரி. பலகை வழியாக அது முதுகில் ஏறுகிறது, காதுக்கு அப்புறம்தான் போகிறது.

கரையோரம் மெதுவாகத்தான் போக வேண்டும். ஆற்றின் அகலத்துக்கு வந்ததும் ஸ்டியரிங்கின் நடுவில் இருந்த சின்ன நெம்புகோலை விரலால் தள்ளினார். ஆக்ஸிலரேட்டர் அதுதான், காலுக்கு வேலை இல்லை. மூக்கு எழும்பியது, எதிரில் வானம் மட்டும்தான் தெரிந்தது. ஒரு கணம் ஏதோ தடுக்கிய மாதிரி இருந்தது. பிறகு மூக்கு இறங்கி, படகு நீருக்கு மேலே ஏறி உட்கார்ந்துவிட்டது. வேகமானி முள் 30 மைல் பக்கம் ஆடிக்கொண்டிருந்தது. காரில் 30 மைல் ஒரு வேகமே இல்லை. இங்கே நீர்மட்டத்திலிருந்து ஒரு முழ உயரத்தில் உட்கார்ந்திருக்கிறோம், கையை நீட்டினால் ஆறு. மச்சினன் என்னவோ கத்தினான், கேட்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தான்.

எதிரே ஒரு சரக்குக் கப்பல் வந்தது. 1959இல் திறந்த கடல்வழிப் பாதை இது, 225 மீட்டர் நீளக் கப்பலெல்லாம் ஏரிகளுக்குள் போகும். அதன் அலை வந்ததும் பெரியவர் வேகத்தைக் குறைத்துச் சாய்வாக ஏறி இறங்கினார். ஒவ்வொரு இறக்கத்திலும் படகு முழுக்க ஒரு முனகல். பலகையும் சட்டமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன என்றார். மதுவிலக்குக் காலத்தில், 1920 முதல் 1933 வரை, இதே ஆற்றில் இரவில் விளக்கணைத்துக் கனடாச் சாராயம் ஏற்றிக்கொண்டு வேகப்படகுகள் பறந்திருக்கின்றன. ஓட்டியவனுக்கும் துரத்தியவனுக்கும் இந்த முனகல் கேட்டிருக்கும்.

ஹார்ட் தீவுக்குப் போனோம். போல்ட் என்ற ஹோட்டல்காரர் மனைவிக்காகக் கட்டிய கோட்டை, 1904இல் அந்த அம்மாள் இறந்ததும் வேலை பாதியில் நின்றது. சோகக் கதை, எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது எதிர்க்கரையில் அவர் கட்டிய படகுக் கொட்டகைதான், கோட்டையைவிட அடக்கமும் அழகும் அதில் இருந்தன.

அங்கே எஞ்சினை நிறுத்தினோம், படம் எடுக்க. அதோடு சரி, கிளம்பவில்லை. வெயிலும் எஞ்சின் சூடும் சேர்ந்து குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிட்டது. பெரியவர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. ஒரு துணியை ஆற்றில் நனைத்துப் பெட்ரோல் பம்பின் மேல் சுற்றினார். "இருபது நிமிடம்" என்றார்.

சுற்றிலும் ஃபைபர்கிளாஸ் படகுகள் சீறிக்கொண்டு போயின. நாங்கள் ஓட்டத்தோடு மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தோம், ஒரு தடவை கோட்டையைப் பார்த்து, ஒரு தடவை கனடாவைப் பார்த்து. போகிற படகெல்லாம் பக்கத்தில் வந்து வேகம் குறைத்து, என்ன வருடம், எந்த எஞ்சின் என்று கேட்டது. உதவி வேண்டுமா என்று கேட்டவர்கள் இரண்டு பேர்தான். ஒரு சிறுமி எட்டிக் கையை நீட்டி மேல்தளத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சுடுகிறது என்று கையை இழுத்துக்கொண்டாள். மச்சினன் எஞ்சின் மூடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துணி காயக் காய நனைத்துக்கொண்டிருந்தான். யாரும் சொல்லவில்லை, தானாகவே.

முப்பத்தைந்து நிமிடம் கழித்துக் கிளம்பியது.

திரும்பிக் கொட்டகைக்குள் நுழைந்ததுதான் இந்தப் பயணத்திலேயே நான் பார்த்த பெரிய வித்தை. படகுக்கு பிரேக் கிடையாது. புரொப்பல்லர் தள்ளுகிற நீர் பட்டால்தான் சுக்கான் ஒழுங்காகத் திரும்பும். பின்னால் இழுக்கப் போட்டால் வால் ஒரு பக்கமாகவே ஒதுங்கும், சொன்ன பேச்சைக் கேட்காது. பெரியவர் தூரத்திலேயே நியூட்ரல் போட்டு வரவிட்டு, கடைசி நொடியில் ரிவர்ஸை ஒரு தட்டுத் தட்டினார். அந்த ஒதுங்கும் குணத்தையே வைத்து வால் கரைக்கு வந்து ஒட்டிக்கொண்டது. கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு தயாராக நின்ற எனக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது.

ஐந்தாம் நாள், திங்கள்

மதியம் விமானம். ஐந்து மணிக்கே விழித்துவிட்டேன். பையைக் கட்டிக் கீழே வைத்தோம். பெரியவர் இன்னும் எழுந்திருக்கவில்லை, சாவியைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தார்.

கொட்டகைக்குள் அரை இருட்டு. படகு பட்டை இல்லாமல் தானாக மிதந்துகொண்டிருந்தது. அதன் நிழல் தண்ணீரில் அசையவில்லை. நான் ஓரப் பலகையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிடம். இருபது. மச்சினன் காரை வெளியே எடுத்து வைத்துவிட்டு வந்தான். ஹாரன் அடிப்பான் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எவ்வளவு ஆச்சு அத்தான்?"

"நாப்பது நிமிஷம்."

"இன்னும் ஓடலையா?"

"இல்ல."

அவனும் தன் கடிகாரத்தைப் பார்த்தான். "இன்னொரு பத்து நிமிஷம் பாப்போம்" என்றான்.